அத்தி மரத்தடியில் வெள்ளைக் கோழிகள்

குருவுக்கு வயது முப்பத்தெட்டு. சீடருக்கு அறுபத்து மூன்று. அதனால் புதிதாக வருகிறவர்களுக்கு எப்போதும் ஒரு குழப்பம். நேராக வந்து சீடரின் காலில் விழுவார்கள். அவர் பதறிப்போய், "ஐயையோ, நான் இல்லைங்க. அதோ, கிணத்தடியில பாத்திரம் விளக்கிக்கிட்டு இருக்காங்களே, அவங்கதான்" என்று கை காட்டுவார்.

கிணற்றடியில் இருந்தவர் பூரணம்மா. முன்பு ஒரு பிரசவ வார்டில் நர்ஸாக இருந்தவர். ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு, மலையடிவாரத்தில் ஒரு சின்னத் தோட்டத்துக்கு வந்து தங்கினார். போதனை, சொற்பொழிவு என்று எதுவும் கிடையாது. கத்தரிக்காய் போட்டார், இரண்டு மாடு வைத்திருந்தார், வந்தவர்களுக்குச் சோறு போட்டார். அவர் பக்கத்தில் சும்மா இருந்துவிட்டுப் போனாலே மனம் லேசாகிறது என்று ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். அப்படி வந்து, திரும்பிப் போகாமலே இருந்துவிட்டவர்தான் நம் சீடர் ஆவுடையப்பன்.

ஆவுடையப்பன் நாற்பது வருடம் கல்யாணத் தரகராக இருந்தவர். யாராவது எதிரில் வந்து உட்கார்ந்தால் போதும், "எந்த ஊரு? யார் வீடு? தாய்மாமன் யாரு?" என்று வரிசையாகக் கேட்டுவிடுவார். பதில் வந்ததும் மனதுக்குள் அந்த ஆளுக்கு ஓர் இடம் ஒதுக்கியாகிவிடும். அதற்கு அப்புறம்தான் ஆளின் முகத்தைப் பார்ப்பார். நல்ல மனிதர்தான். பொய் சொல்லி ஒரு சம்பந்தமும் முடித்ததில்லை.

அவருடைய ஒரே மகள் கோமதி, திருப்பூரில் வேலைக்குப் போன இடத்தில் தானாகவே ஒருவரைக் கட்டிக்கொண்டாள். தயாளன் என்று பெயர். குழந்தைகள் இல்லத்தில் வளர்ந்தவர். தாய் தகப்பன் யாரென்று அவருக்கே தெரியாது. அந்தப் பெயர்கூட இல்லத்து வார்டன் வைத்ததுதான். ஊரில் இருக்கிறவர்களுக்கெல்லாம் பூர்வீகம் விசாரித்துச் சொன்ன ஆவுடையப்பனுக்கு, சொந்த மருமகனைப் பற்றிச் சொல்ல ஒரு வார்த்தை கிடைக்கவில்லை. அவர் கல்யாணத்துக்குப் போகவில்லை. மனைவி முன்பே போய்ச் சேர்ந்திருந்தாள். தொழிலை விட்டார், வீட்டைப் பூட்டினார், தோட்டத்துக்கு வந்துவிட்டார். மருமகன் எப்படி இருப்பார் என்றுகூட அவருக்குத் தெரியாது.

மாசி மாதத்தில் ஒரு காலை, கோமதி தோட்டத்துக்கு ஃபோன் செய்தாள். பூரணம்மாதான் பேசினார். பேசி முடித்துவிட்டு வந்து சொன்னார்:

"அண்ணாச்சி, கோமு வர்ற ஞாயித்துக்கிழமை வர்றாளாம். குழந்தையைத் தூக்கிக்கிட்டு வர்றா. அவரும் வர்றாராம். ரெண்டு மணி பஸ்."

ஆவுடையப்பன் சட்டென்று எழுந்தார். மாட்டுக்குத் தண்ணீர் கொண்டுவருகிறேன் என்று வாளியை எடுத்துக்கொண்டு ஓடைக்குப் போனார். தொட்டியில் தண்ணீர் தளும்பிக்கொண்டிருந்ததை அவரும் பார்த்தார், பூரணம்மாவும் பார்த்தார்.

போன கொஞ்ச நேரத்தில் வெறும் வாளியோடு ஓடி வந்தார். வேட்டி முழங்கால் வரை நனைந்திருந்தது.

"அம்மா! காட்டுக்கோழிம்மா! வெள்ளைக் காட்டுக்கோழி!"

"வெள்ளையா?"

"பால் மாதிரி! வாங்களேன், வந்து பாருங்களேன்!"

பூரணம்மா கையில் இருந்த அரிவாள்மணையை ஓரமாகச் சாய்த்துவைத்துவிட்டு அவர் பின்னால் போனார்.

ஓடையின் அக்கரையில் ஒரு பெரிய அத்தி மரம். பழம் உதிர்ந்து கிடந்தது. மரத்தடியில் காட்டுக்கோழிக் கூட்டம் ஒன்று சருகைக் கிளறிக்கொண்டிருந்தது. வழக்கமான கோழிகள்தான். கழுத்தெல்லாம் புள்ளி விழுந்த ஒரு சேவல், தவிட்டு நிறத்தில் சில பெட்டைகள். அவற்றின் நடுவே மூன்று பெட்டைகள் மட்டும் வெள்ளை வெளேரென்று இருந்தன. துவைத்துக் காயப்போட்ட துணி காற்றில் பறந்து வந்து காட்டில் விழுந்தது போல.

இருவரும் பாறைக்குப் பின்னால் உட்கார்ந்தார்கள். ஆவுடையப்பன் மெதுவான குரலில் கேட்டார்:

"இது எங்கேயிருந்தும்மா வந்துருக்கும்?"

"அந்த உண்ணிச்செடிப் புதருக்குள்ளேயிருந்து."

"அதுக்கு முன்னாடி?"

"மேட்டுக்கு அந்தப் பக்கத்துலேருந்து."

"அது இல்லம்மா. பூர்வீகம் கேக்கேன். காட்டுக்கோழியில ஏது வெள்ளை? எந்த வழியில வந்துச்சு?"

"தெரியலையே அண்ணாச்சி."

"விசாரிச்சுப் பாக்கட்டா?"

"பாருங்களேன். ஞாயித்துக்கிழமை வரைக்கும் வேற வேலை என்ன இருக்கு?"

ஆவுடையப்பனுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. விட்டுவந்த தொழில் தேடிவந்து கையைப் பிடித்துக்கொண்டது போல இருந்தது. சாப்பிட்டதும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார்.

முதலில் போனது காட்டோரத்துச் சாஸ்தா கோயிலுக்கு. பூசாரி சுடலைக்கண்ணு விளக்குக்கு எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் எண்ணெய்க் கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

"வெள்ளையா? மூணா? உம்ம கண்ணுக்கா தெரிஞ்சுது?"

"என் கண்ணுக்குத்தான்."

"கொடுத்து வச்சவருய்யா நீர். அது சாஸ்தாவோட கோழி. ஐயா ராத்திரி வேட்டைக்குப் போகும்போது முன்னால போகும். எங்க தாத்தா ஒரே ஒரு தடவை பாத்திருக்காரு. நான் இந்த வயசு வரைக்கும் பாக்கலை."

மறுநாள் காலையில் ஆவுடையப்பன் குளித்து, திருநீறு பூசி, வாழையிலையில் பச்சரிசியும் வெல்லமும் வைத்து அத்தி மரத்தடிக்குக் கொண்டுபோனார். பாறைக்குப் பின்னால் கைகூப்பிக் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். கண்ணைத் திறந்தபோது இலை காலியாக இருந்தது.

"எல்லாத்தையும் சாப்பிட்டுட்டாங்கம்மா" என்றார் பூரணம்மாவிடம்.

"யாரு?"

"அவங்கதான். மூணு பேரும்."

"தவிட்டு நிறக் கோழி சாப்பிடலையா?"

ஆவுடையப்பன் யோசித்தார். "நான் கண்ணை மூடிக்கிட்டு இருந்தேம்மா" என்றார்.

"சரி. வெல்லம் வேண்டாம் அண்ணாச்சி, எறும்பு வரும்" என்று சொல்லிவிட்டுப் பூரணம்மா கத்தரிச் செடிக்குப் பாத்தி கட்டப் போய்விட்டார்.

இருந்தாலும் ஒருவர் சொன்னதை வைத்து ஒரு சம்பந்தத்தையும் முடித்தவரில்லை ஆவுடையப்பன். இன்னொரு இடத்திலும் கேட்டால்தான் அவருக்கு மனது ஆறும். அன்று மதியமே, மலைப்பாதை தொடங்கும் இடத்தில் கோழிப்பண்ணை வைத்திருக்கும் பேச்சித்தாயிடம் போனார்.

பேச்சித்தாய் கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள்.

"சாஸ்தா கோழியா? நல்லாச் சொன்னாரு பூசாரி! அண்ணாச்சி, அது எங்க கோழி. ரெண்டு மழைக்காலத்துக்கு முன்னால லோடு ஏத்திட்டுப் போன வண்டி, மேல வளைவுல சாஞ்சுபோச்சு. கூண்டு உடைஞ்சு பாதிக் கோழி காட்டுக்குள்ள ஓடிட்டு. எல்லாம் முட்டைக்கோழி. வெள்ளைக் கோழி. அதுல தப்பிச்சதோ, அதோட வாரிசோதான் இது."

"அப்போ இது... பண்ணைக் கோழியா?"

"பண்ணைக் கோழிதான். பிடிச்சுட்டு வாங்களேன், குழம்பு வச்சுத் தர்றேன்."

திரும்பி வரும் வழியெல்லாம் ஆவுடையப்பனுக்கு அவமானமாக இருந்தது. முட்டைக்கோழியைப் போய் கைகூப்பிக் கும்பிட்டிருக்கிறோம்! அதுவும் கண்ணை மூடிக்கொண்டு! அத்தி மரத்தடியைத் தாண்டும்போது அந்த மூன்றும் அங்கேதான் மேய்ந்துகொண்டிருந்தன. அவருக்குக் கோபம் வந்தது. துண்டை வீசி, "சூ! போ!" என்று விரட்டினார். கூட்டம் முழுவதும் படபடவென்று கலைந்து புதருக்குள் ஓடியது.

தோட்டத்துக்கு வந்தபோது பூரணம்மா மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருந்தார்.

"பண்ணைக் கோழியாம்மா அது. வண்டி கவுந்து ஓடினதாம். சும்மா நாலு காசு முட்டைக்கோழி."

"அப்படியா? காட்டுல பூனை, கீரி எல்லாம் இருக்கே. எப்படிப் பிழைச்சுதாம்?"

"அதைக் கேக்கலை."

"காலையில குளிச்சுட்டுப் போனீங்க. நாளைக்கும் அப்படித்தானா?"

ஆவுடையப்பன் தொட்டியை நகர்த்திக்கொடுத்தார்.

ஆனால் அந்தக் கேள்வி அவரைத் தூங்கவிடவில்லை. பண்ணைக் கோழி காட்டில் எப்படிப் பிழைத்தது? விடிந்ததும் காட்டுக் காவலர் குட்டனைத் தேடிக்கொண்டு போனார். குட்டன் அந்த மலையிலேயே பிறந்தவர். அதிகம் பேசமாட்டார். முழுவதையும் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"பண்ணைக் கோழி ஒரு வாரம் தாங்காதுங்க. இது காட்டுக்கோழிதான். எப்பவாவது ஒண்ணு இப்படிப் பொறக்கும். நிறம் ஊறாமப் போயிடும். மானுல பாத்திருக்கேன். காக்கையிலகூடப் பாத்திருக்கேன்."

"அது நல்லதா, கெட்டதா?"

"கஷ்டம்ங்க. மத்தது சருகோட சருகாக் கிடக்கும். இது தூரத்துலேயே தெரியும். வல்லூறு வந்தா முதல்ல இதுதான்."

ஆவுடையப்பன் தோளில் கிடந்த துண்டைப் பார்த்தார். நேற்றுத்தான் துண்டை வீசி விரட்டினோம், பாவம், அது ஒரு குறையோடு பிறந்த ஜீவன் என்று மனம் கரைந்துபோனார். வரும் வழியில் பேச்சித்தாயின் பண்ணையில் நின்று ஒரு பஞ்சாரத்தை இரவல் வாங்கினார். பஞ்சாரம் என்றால் கோழிகளைக் கவிழ்த்து மூடுகிற பெரிய மூங்கில் கூடை. பேச்சித்தாயிடம் இருந்ததிலேயே பெரியது அது. அதைத் தலைமேல் கவிழ்த்துக்கொண்டு அவர் தோட்டத்துக்குள் நுழைந்தபோது, பூரணம்மாவுக்கு இரண்டு கால் முளைத்த கூடை ஒன்று நடந்து வருவதுபோலத்தான் தெரிந்தது.

"என்ன அண்ணாச்சி இது?"

"மூணையும் பிடிச்சுட்டு வந்து இதுல வச்சுக் காப்பாத்தப்போறேம்மா. வெளியில விட்டா வல்லூறு கொண்டுபோயிடும். நாம வேளாவேளைக்குத் தீனி போடுவோம். ஒரு பயம் கிடையாது."

பூரணம்மா பஞ்சாரத்தைச் சுற்றி வந்து பார்த்தார். தட்டிப் பார்த்தார்.

"நல்ல முடைச்சல். கொஞ்சம் அப்படி உக்காருங்க அண்ணாச்சி."

"எங்கம்மா?"

"இங்கேதான். தரையில. குந்தி உக்காருங்க."

ஆவுடையப்பன் குந்தி உட்கார்ந்தார். பூரணம்மா பஞ்சாரத்தைத் தூக்கி அவர்மேல் கவிழ்த்தார். பிறகு ஒரு முறம் முருங்கைக்கீரையை எடுத்துவந்து, பக்கத்தில் உட்கார்ந்து ஆய ஆரம்பித்தார்.

"அம்மா?"

"சொல்லுங்க."

"எதுக்கும்மா இது?"

"வல்லூறு வராது. வேளாவேளைக்குச் சோறு தர்றேன்."

பஞ்சாரம் குலுங்க ஆரம்பித்தது. உள்ளே ஆவுடையப்பன் சிரித்துக்கொண்டிருந்தார். தோட்டத்துக்கு வந்த நாளிலிருந்து அவர் இப்படிச் சிரித்துப் பூரணம்மா கேட்டதில்லை. சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று. அடங்கியதும், உள்ளிருந்தே வேறொரு குரல் வந்தது.

"ஞாயித்துக்கிழமை கோமு வர்றா."

"ஆமா."

"அவனும் வர்றான்."

"எவன்?"

"அவன்தாம்மா. எந்த ஊருன்னு தெரியாதவன்." மூங்கில் சந்தில் ஒரு விரல் நீண்டு மண்ணைக் கீறியது. "ஒரு மனுஷன் வந்து எதுத்தாப்புல உக்காந்தா, நான் என்னம்மா பேசுவேன்? எந்த ஊருன்னு கேக்கலாம். யார் வீட்டுப் பிள்ளைன்னு கேக்கலாம். அவன்கிட்ட அதைக் கேக்கவும் முடியாது. அதைக் கேக்காம பேச எனக்குத் தெரியவும் தெரியாது. வாயை மூடிக்கிட்டே உக்காந்திருந்தா என் பொண்ணு அழுதுடுவா. அதான் அன்னைக்குக்கூட வாளியைத் தூக்கிட்டு ஓடினேன்."

பூரணம்மா கீரை ஆய்வதை நிறுத்தவில்லை.

"ஞாயித்துக்கிழமை காலையில வெள்ளனவே அத்தி மரத்தடிக்குப் போயிடுங்க" என்றார். "யார்கிட்டயும் விசாரிக்க வேண்டாம். எனக்கும் ஒரு சேதியும் கொண்டுவர வேண்டாம். பாறைக்குப் பின்னால உக்காருங்க. பசிச்சா வாங்க."

"மதியம் பஸ் வந்துடுமே?"

"ரெண்டு மணிக்குத்தானே?"

அவர் பஞ்சாரத்தைத் தூக்கிவிட்டார். ஆவுடையப்பன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். அன்று மாலையே பஞ்சாரத்தைப் பேச்சித்தாயிடம் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை வெயில் ஏறுவதற்குள் அவர் பாறைக்குப் பின்னால் போய் உட்கார்ந்துவிட்டார். கோழிகள் வரவில்லை. அணில்தான் ஓடிக்கொண்டிருந்தது. பழம் ஒன்று விழுந்தது. அவர் மனம் இரண்டு மணி பஸ்ஸுக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டு இறங்க மறுத்தது.

பின்னால் காலடிச் சத்தம் கேட்டுத் திரும்பினார். முப்பது வயது மதிக்கத்தக்க ஒருவர், செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடையைத் தாண்டி வந்துகொண்டிருந்தார். கறுத்த, மெலிந்த முகம். ஞாயிற்றுக்கிழமைகளில் இப்படி யாராவது தோட்டத்துக்கு வருவது வழக்கம்தான்.

"ஐயா, இங்க ஏதோ பாக்க இருக்குன்னு அம்மா சொன்னாங்க..."

ஆவுடையப்பன் வாயைத் திறந்தார். நாற்பது வருடப் பழக்கம், கேள்வி நாக்கின் நுனிக்கே வந்துவிட்டது. அதே நொடியில் உண்ணிப் புதர் அசைந்தது.

"உஷ்!" என்று வந்தவரின் கையைப் பிடித்துக் கீழே இழுத்தார்.

புதரை விலக்கிக்கொண்டு முதலில் சேவல் வந்தது. தலையைச் சாய்த்துப் பார்த்தது. திருப்தியானதும் ஒரு குரல் கொடுத்தது. பின்னாலேயே தவிட்டுப் பெட்டைகள். அப்புறம் வெள்ளைகள். கடைசியாக வந்த வெள்ளைப் பெட்டைக்குப் பின்னால், தரையே உருண்டு வருவதுபோல ஒரு கூட்டம் குஞ்சுகள்.

"அடேயப்பா!" என்றார் வந்தவர், மூச்சுக்குள்ளேயே.

"குஞ்சு பொரிச்சிருக்கு!" என்றார் ஆவுடையப்பன். "இது எனக்கே தெரியாது!"

குஞ்சுகள் எல்லாம் முதுகில் கோடு போட்ட பழுப்பு நிறம். ஒன்றே ஒன்று மட்டும் பஞ்சு மாதிரி வெள்ளை. பக்கத்தில் இருந்த தவிட்டுப் பெட்டைக்கும் குஞ்சுகள் இருந்தன. இரண்டு கூட்டமும் கலந்து, இது யாருடையது, அது யாருடையது என்று பிரிக்க முடியாதபடி ஓடிக்கொண்டிருந்தன. ஒரு குஞ்சு அத்திப் பழத்தைக் கவ்வத் தெரியாமல் உருட்டிக்கொண்டே போய், பழத்தின் மேலேயே குப்புற விழுந்தது. இருவருக்கும் சிரிப்பு வந்தது. சத்தம் வெளியே வராமலிருக்க வந்தவர் துண்டைக் கேட்டு வாங்கி வாயில் அடைத்துக்கொண்டார். மறுமுனையை ஆவுடையப்பன் அடைத்துக்கொண்டார்.

அப்போதுதான் அந்த நிழல் விழுந்தது.

மரத்துக்கு மேல் வல்லூறு வட்டமிட்டு இறங்கியது. சேவல் கத்தியது. ஒரு கணத்தில் மரத்தடி காலியானது. தவிட்டுப் பெட்டைகள் சருகோடு சருகாக அமுங்கிவிட்டன. குஞ்சோடு இருந்த வெள்ளைப் பெட்டை மட்டும் வெட்டவெளியில் நின்றது. குட்டன் சொன்னது ஆவுடையப்பன் காதில் ஒலித்தது. "போச்சு" என்று முணுமுணுத்தார். வந்தவர் அவர் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்.

வெள்ளைப் பெட்டை ஓடவில்லை. இறகை விரித்துத் தாழ்ந்து உட்கார்ந்தது. எதிரே வந்த குஞ்சுகள் எல்லாம் அதன் இறகுக்குள் புகுந்தன. அதனுடையவையும் புகுந்தன, தவிட்டுப் பெட்டையுடையவையும் புகுந்தன. பஞ்சு போன்ற அந்த வெள்ளைக் குஞ்சு வேறு பக்கம் ஓடித் தவிட்டுப் பெட்டைக்கு அடியில் நுழைந்துகொண்டது. அந்தப் பெட்டை ஒரு முறை அசைந்துகொடுத்து அதற்கு இடம் விட்டது.

வல்லூறு சரிந்து வந்தது.

"ஏய்!" என்று இருவரும் ஒரே நேரத்தில் எழுந்து நின்று கத்தினார்கள். ஆவுடையப்பன் துண்டைச் சுழற்றினார். வந்தவர் செருப்பை இரண்டு கையிலும் எடுத்துப் படார் படாரென்று அடித்தார். வல்லூறு திடுக்கிட்டுத் திரும்பி, மேலேறி, மலைப்பக்கம் போய்விட்டது.

இருவரும் நின்ற இடத்திலேயே உட்கார்ந்தார்கள். மூச்சு வாங்கியது. பிறகு ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பார்த்ததும் மறுபடியும் சிரிப்பு வந்துவிட்டது, இந்த முறை துண்டு தேவைப்படவில்லை.

"செருப்பை இப்படி அடிக்கலாம்னு எனக்குத் தோணவே இல்லை, தம்பி" என்றார் ஆவுடையப்பன்.

"துண்டுதான் ஐயா சரியா இருந்துச்சு. அதைப் பாத்துத்தான் அது பயந்துச்சு."

"இல்ல இல்ல. செருப்புதான்."

கோழிகள் மெல்ல வெளியே வந்தன. இருவரும் வெகுநேரம் உட்கார்ந்து பார்த்தார்கள். வந்தவருக்குச் சேவல் குரலை அப்படியே எடுக்க வந்தது. தொண்டையைச் சுருக்கி, "குக்... குக்காய காய குக்" என்றார். அத்தி மரத்தடிச் சேவல் நிமிர்ந்து பார்த்துப் பதில் கொடுத்தது. ஆவுடையப்பன் அசந்துபோனார்.

"எனக்கும் சொல்லிக்கொடுங்க தம்பி."

சொல்லிக்கொடுத்தார். ஆவுடையப்பனுக்கு 'காய' வரவில்லை. இருமல் வந்தது. திரும்பத் திரும்ப முயன்றார். பசித்ததும் எழுந்தார்கள். ஓடையில் பாசி வழுக்கியபோது வந்தவர் கை கொடுத்தார். தோட்டத்துப் பாதை முழுக்க ஒருவர் கூவ, மற்றவர் கூவ, இரண்டு சேவல்கள் வருவது மாதிரித்தான் வந்தார்கள்.

வேலிப்படலைத் திறந்தபோது ஆவுடையப்பனுக்கு ஒரு வழியாக அது வந்துவிட்டது. "குக்காய காய குக்!" என்று முழுத் தொண்டையில் கூவினார்.

உள்ளே கிணற்றடியில், இடுப்பில் குழந்தையோடு கோமதி நின்றுகொண்டிருந்தாள்.

அவள் அப்பாவைப் பார்த்தாள். பக்கத்தில் நின்றவரைப் பார்த்தாள். மறுபடியும் அப்பாவைப் பார்த்தாள்.

"அப்பா... நீங்க ரெண்டு பேரும்..."

தயாளன் திரும்பி ஆவுடையப்பனை உற்றுப் பார்த்தார். வீட்டில் மாட்டியிருந்த படத்தில் மாமனாருக்குக் கருகருவென்று முறுக்கிய மீசை, படிய வாரிய தலை, ஜரிகை வேட்டி. இங்கே நின்றதோ, மொட்டைத் தலையும் வெள்ளைத் தாடியும், நனைந்த காவித் துண்டும். அவர் முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றுபோய், கை மட்டும் தானாகக் கூப்பிக்கொண்டது. "பால் வண்டி கிடைச்சுது, அதுலேயே சீக்கிரம் வந்துட்டோம்" என்று யாரிடம் என்றில்லாமல் சொன்னார்.

யாரும் அசையவில்லை. குழந்தைதான் முதலில் அசைந்தது. சற்று முன் கேட்ட அந்தச் சத்தம் எங்கிருந்து வந்தது என்று தாடிக்காரரின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது. இன்னொரு முறை வராதா என்று காலை உதைத்தது.

ஆவுடையப்பன் தொண்டையைச் செருமினார். குனிந்து குழந்தையின் முகத்துக்கு நேராக, மெதுவாக, "குக்காய காய குக்" என்றார்.

குழந்தை கெக்கெக்கென்று சிரித்தது. கோமதிக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. அவர் குழந்தையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு, தயாளன் பக்கம் திரும்பினார். எத்தனையோ வீடுகளில் எத்தனையோ பேரை அவர் அந்தச் சொல்லால் அழைத்திருக்கிறார். தனக்கென்று ஒரு முறைகூடச் சொன்னதில்லை.

"ஏன் நிக்கீங்க மாப்பிள்ளை? கை கால் கழுவிட்டு வாங்க, சாப்பிடலாம்."

அன்று பூரணம்மா வைத்த முருங்கைக்கீரைக் குழம்பு போதவில்லை. மறுபடி உலை வைக்க வேண்டியதாயிற்று. சாப்பிடும்போது மாமனாரும் மருமகனும் வல்லூறு வந்த கதையை மாற்றி மாற்றிச் சொன்னார்கள். ஒவ்வொரு முறையும் வல்லூறு இன்னும் கொஞ்சம் பெரிதாகிக்கொண்டே போனது. செருப்பா துண்டா என்பதில் கடைசிவரை முடிவு ஏற்படவில்லை.

மாலை பஸ்ஸில் அவர்களை ஏற்றிவிட்டு ஆவுடையப்பன் திரும்பி வந்தார். பூரணம்மா கொடியில் காய்ந்த துணிகளை எடுத்து மடித்துக்கொண்டிருந்தார். ஆவுடையப்பன் ஒரு போர்வையின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார்.

"அம்மா, அவர்னு தெரிஞ்சுதானே என்கிட்ட அனுப்புனீங்க?"

"குழந்தையைத் தூங்கவச்சுக்கிட்டு இருந்தா கோமு. அவர் சும்மா நின்னுக்கிட்டு இருந்தார். போய்ப் பாத்துட்டு வாங்கன்னேன்."

போர்வையை இரண்டாக மடித்தார்கள். ஆவுடையப்பன் மடிப்பைப் பிடித்தபடியே நின்றுவிட்டார்.

"வெயில் உச்சிக்கு வர்ற வரைக்கும் பக்கத்துல பக்கத்துல உக்காந்திருந்தோம்மா. கையைப் பிடிச்சுக்கிட்டோம். ஒரே துண்டை ரெண்டு பேரும் வாயில வச்சிருந்தோம். கோழி வந்ததுக்கு அப்புறம் எந்த ஊரு, யாரு, என்னன்னு கேக்கணும்னே எனக்குத் தோணலை. நாப்பது வருஷமா ஒரு ஆள்கிட்டயும் நான் அதைக் கேக்காம விட்டதில்லை. இன்னைக்கு எப்படிம்மா மறந்தேன்?"

பூரணம்மா அவர் கையிலிருந்து போர்வையை வாங்கி, மடித்து, அடுக்கின் மேல் வைத்தார்.

"இன்னைக்குத்தான் அண்ணாச்சி, நீங்க கோழியைப் பாத்தீங்க."